காரின்ர ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸை இறக்க முதல் நீங்களே பாக்கக்கூடியது

கியர்பொக்ஸ் முடிஞ்சுது அண்ணை, இறக்கித்தான் பாக்கோணும் எண்டு ஆராவது சொன்ன உடன தலையை ஆட்டிப்போட்டுத் திறப்பைக் குடுத்திட்டு வராதேங்கோ. இறக்கினாப் பிறகு கதை உங்கட கையில இல்ல, உள்ளுக்க ஒரு பிழையும் இல்லாட்டிலும் இறக்கி ஏத்தின கூலி கூலிதான். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் திருப்பி விட்டவை, விட்டும் விலை எங்கட சனத்துக்கு எட்டாத இடத்தில நிக்குது, அதால கிளிநொச்சி முல்லைத்தீவு வவுனியாப் பக்கம் இன்னும் டொயோட்டா 110 கொரோலாவும் 121 கொரோலாவும் பழைய நிசான் சன்னியும்தான் ஓடித்திரியுது. இருபது இருபத்தஞ்சு வயசான கியர்பொக்ஸ் பெட்டி எண்டால் பிழை வரத்தான் செய்யும், ஆனா வாற பிழை எல்லாம் பெட்டிக்குள்ளதான் எண்டு இல்ல. ஒயில், கேபிள், வயர், இந்த மூண்டையும் இதே ஒழுங்கில பாத்து முடிச்சாப் பிறகுதான் பெட்டியில கை வைக்கோணும். நான் எழுதிறது கூடுதலா டொயோட்டா நாலு கியர் பெட்டியை வச்சு, மற்ற ஜப்பான் காருகளுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல்ல என்ன பிழை எண்டு வடிவா சொல்லப் பழகோணும். "இழுக்குதில்ல" எண்ட ஒரு சொல்லுக்குள்ள பத்து வருத்தம் கிடக்கு. குளிரா இருக்கேக்கயா சூடானாப் பிறகா, எந்த கியரில, எஞ்சின் சுத்துற வேகம் காட்டுற ஆர்பிஎம் முள்ளு ஏறுதா ஏறாம நிக்குதா, ரிவேர்ஸ் எப்பிடி, இதுகளை ஒரு துண்டில எழுதி வையுங்கோ. ஆர்பிஎம் ஏறியும் கார் ஓடேல்ல எண்டால்தான் அது கியர் வழுக்கிறது. ஆர்பிஎம்மே ஏறாம கார் சோம்பிப்போய் நிண்டால் அது எஞ்சின் பக்கம், பிளக்கோ கொயிலோ பெற்றோல் பில்டரோ, அதுக்குப்போய் பெட்டியைக் குற்றம் சொல்லக்கூடாது.

சரி, ஒயில். கனபேர் எஞ்சின் ஒயில் பாக்கிற மாதிரியே எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு குளிருக்க பாத்திட்டு குறைவு எண்டோ கூட எண்டோ முடிவு கட்டுவினம், பிழை. டொயோட்டாவில கார் ஒரு பதினைஞ்சு இருபது நிமிசமாவது ஓடி ஒயில் நல்லா சூடாகி இருக்கோணும், சமதரையில நிக்கோணும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கோணும். ஹான்ட் பிறேக்கை இழுத்து கால் பிறேக்கையும் மிதிச்சுக்கொண்டு பார்க்கில இருந்து கடைசி எல் மட்டும் ஒவ்வொரு இடத்திலயும் ரெண்டு மூண்டு செக்கன் நிப்பாட்டி லீவரைக் கொண்டுபோய், திருப்பி பார்க்குக்கு கொண்டுவந்து விட்டிட்டு, பிறகு இறங்கி பெட்டி ஒயில் அளவு பாக்கிற கம்பியை, டிப்ஸ்ரிக்கை, இழுங்கோ. நூல் விடுற வேஸ்ற் துணியால துடைக்க வேண்டாம், ஒரு நூல் உள்ளுக்க போனாலும் வால்வில போய் சிக்கும், பழைய வேட்டித்துண்டு நல்லது. துடைச்சு, திருப்பி முழுக்க செருகி, எடுத்துப் பாருங்கோ, ஹொட் எண்டு போட்டிருக்கிற ரெண்டு கோட்டுக்கு நடுவில நிக்கோணும். கிளிநொச்சியில இருந்தோ வவுனியாவில இருந்தோ வந்து முறிகண்டிப் பிள்ளையாரிட்ட தேங்காய் உடைக்க எப்பிடியும் நிப்பாட்டுவியள்தானே, ஒயில் பாக்க அதைவிட நல்ல இடம் இல்ல, பெட்டி நல்லா சூடேறி இருக்கும், தரையும் மட்டம். ஹொண்டாக்காரருக்கு மட்டும் வேற கணக்கு, சூடாக்கி, எஞ்சினை நிப்பாட்டி, ஒண்டு ஒண்டரை நிமிசத்துக்குள்ள பாக்கோணும்.

கோட்டுக்கு கீழ நிண்டால் எங்கயோ ஒழுகுது எண்டுதான் அர்த்தம், எஞ்சின் ஒயில் மாதிரி இது எரிஞ்சு குறையிற சாமான் இல்ல. இரவில காருக்குக் கீழ ஒரு காட்போட் மட்டையை விரிச்சு விடுங்கோ, விடிய சிவப்பாவோ மண்ணிறமாவோ சொட்டுக் கிடந்தால் எந்த இடத்துக்கு நேர எண்டு பாக்கலாம். சில்லுப் பக்கம் எண்டால் அக்சில் சீல், நடுவில எண்டால் பான் (பெட்டியின்ர அடித்தட்டு) கஸ்கட், முன்னுக்கு எண்டால் றேடியேற்றருக்கு போற கூலர் ஹோஸ், எஞ்சினும் பெட்டியும் சேருற மூட்டில எண்டால் பம்ப் சீல். முதல் மூண்டும் பெட்டியை இறக்காம செய்யிற வேலை, கடைசிதான் இறக்கோணும். ஒயில் கூடினாலும் கரைச்சல்தான், உள்ளுக்க சுத்துற சாமான் ஒயிலை அடிச்சு நுரையாக்கும், நுரைக்கு அமத்தம் வராது, பிறகு குறைஞ்ச மாதிரியே வழுக்கும். அதால விடேக்க மெல்லிய புனலால கொஞ்சம் கொஞ்சமா விட்டு விட்டுப் பாருங்கோ.

அளவை விட நிறமும் மணமும் கூட கதை சொல்லும். வெள்ளை ரிசுவில ஒரு சொட்டு விட்டு வெயிலுக்க பிடிச்சுப் பாருங்கோ. சிவப்பெண்டால் சரி, மண்ணிறமெண்டால் மாத்துற காலம், கறுத்து கருகின மணம் வந்தால் உள்ள இருக்கிற கிளச் பிளேட் எரியுது. ரோஸ் பால் மாதிரி வெளிறி இருந்தால் தண்ணி கலந்திட்டுது, ஓட வேண்டாம், அப்பிடியே நிப்பாட்டுங்கோ. கூலர் குழாய் றேடியேற்றர் தாங்கிக்குள்ளாலதான் போகுது, அது உள்ளுக்க ஓட்டையானால் ரெண்டும் கலக்கும். இல்லாட்டி வெள்ளத் தண்ணி. 2018 டிசம்பர் வெள்ளத்தில கிளிநொச்சி முல்லைத்தீவில எத்தினை வாகனம் மூழ்கினது எண்டு எங்களுக்குத் தெரியும். சூடான பெட்டி தண்ணிக்குள்ள ஆறேக்க மூச்சுவிடுற ஓட்டையால தண்ணியை உள்ள இழுக்கும், கிளச் பிளேட்டில ஒட்டியிருக்கிற கடுதாசி மாதிரி லைனிங் தண்ணியில ஊறிக் கழண்டுவரும். வெள்ளத்தில நிண்ட காரை ஸ்ராட் பண்ணிப் பாக்க முதல் டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பாருங்கோ, அவ்வளவு காணும்.

எந்த ஒயில் எண்டதில எங்கட ஆக்கள் காட்டுற அலட்சியம் சொல்லி மாளாது. சிவப்பா இருந்தால் எல்லாம் ஒண்டெண்டு நினைக்கினம். 110, 100 கொரோலா பெட்டிக்கு டெக்ஸ்ரோன் 3 சாதி போகும், 121க்கு டைப் ரி-4, அதுக்குப் பிறகு வந்த டொயோட்டாக்களுக்கு டபிள்யூஎஸ். டபிள்யூஎஸ் மெல்லிய ஒயில், புதுசு எண்டதுக்காக ரி-4 கேக்கிற பெட்டிக்கு அதை விடக்கூடாது. ஹொண்டாவுக்கு ஹொண்டா ஒயில்தான், பழைய இசட்-1க்கு பதிலா இப்ப டிடபிள்யூ-1. கியருக்குப் பதிலா பெல்ட்டில ஓடுற சிவிடி பெட்டிக்கு சிவிடி ஒயிலைத் தவிர வேற எது விட்டாலும் பெல்ட் அழிஞ்சு போகும், சிவிடிக்காரர் இதை மட்டும் நினைவில வச்சால் காணும். கனக்க காரில டிப்ஸ்ரிக்கிலயே எந்த ஒயில் எண்டு அடிச்சிருக்கும், கடைக்காரரைக் கேக்க முதல் அதை வாசியுங்கோ.

ஒயில் சரி எண்டால் அடுத்தது கேபிள். 110இல இருக்கிற மாதிரி பழைய பெட்டிகளில அக்சிலேற்றரோட சேந்து எஞ்சினுக்கு காத்து விடுற துரொட்டில் பொடியில இருந்து பெட்டிக்கு ஒரு மெல்லிய கேபிள் போகும், அதுதான் பெட்டிக்குள்ள ஒயில் அமத்தத்தை தீர்மானிக்குது. அது தளர்ந்தால் கியர் வேளைக்கு விழுந்து மெதுவா வழுக்கும், பிறகு கிளச் எரியும். இறுகினால் கியர் பிந்தி, டக்கெண்டு முதுகில குத்துற மாதிரி விழும். பாக்கிறது லேசு, ஒராள் எஞ்சின் நிப்பாட்டின காரில அக்சிலேற்றரை அடிமட்டும் மிதிக்க, நீங்கள் பொனற்றைத் திறந்து கேபிளின்ர றப்பர் மூடி முடியிற இடத்துக்கும் உள்கேபிளில நசிச்சு வச்ச சின்ன ஸ்ரொப்பருக்கும் இடைவெளியைப் பாருங்கோ. பூச்சியத்தில இருந்து ஒரு மில்லிமீற்றருக்குள்ள இருக்கோணும். கூடக்குறைய இருந்தால் ரெண்டு நட்டையும் இளக்கி சரிப்படுத்தலாம், பன்னிரண்டாம் நம்பர் சாவி ரெண்டு இருந்தால் கராஜுக்கே போகத் தேவையில்ல. 121இல இந்தக் கேபிள் இல்ல, அந்த வேலையை கொம்பியூட்டர் செய்யுது, அதில போய்த் தேடி மினக்கெட வேண்டாம்.

லீவர் கேபிளும் ஒண்டு இருக்கு. எல்லா கியரிலயும் கார் அசையாமல் நிண்டால் பெட்டி செத்துப்போச்சு எண்டு அழ முதல் லீவரை ஆட்ட பெட்டிப் பக்கத்தில இருக்கிற கை அசையுதா எண்டு பாருங்கோ, அந்த பிளாஸ்ரிக் புஷ் தேஞ்சு கழண்டு விழுந்திருக்கும். அக்சில் பெட்டியால வெளியில கழண்டு கிடந்தாலும் இதே வருத்தம்தான்.

இப்ப வயர். மாங்குளத்தில ஒரு உறவுக்காரரின்ர கார் பார்க்கில இருந்து அசையவே இல்ல, லீவர் பிடிச்சமாதிரி பிடிச்சு நிண்டது, ஒரு கராஜில பெட்டி மாத்தச் சொல்லி இருக்கினம். பின்னுக்குப் போய் பிறேக் லைற்றைப் பாத்தால் அது எரியேல்ல. பிறேக் பெடலுக்கு மேல இருக்கிற சின்ன சுவிச் பழுது. பிறேக் மிதிச்சது கொம்பியூட்டருக்கு தெரியாட்டி லீவரை விடாது, அவ்வளவுதான் விசயம். சுவிச் வாங்கிப் பூட்டின உடன கார் ஓடினது. அவசரத்துக்கு லீவருக்கு பக்கத்தில சிப்ற் லொக் எண்டு ஒரு சின்ன மூடி இருக்கும், அதைக் கழட்டி உள்ள அமத்திப் பிடிச்சால் லீவர் வரும்.

நியூட்ரலில மட்டும் ஸ்ராட் ஆகுது, ரிவேர்ஸ் போட்டால் பின் வெள்ளை லைற் எரியுதில்ல, சிலநேரம் டிரைவ் போட்டும் கார் யோசிச்சு யோசிச்சு நிக்குது எண்டால் பெட்டிக்கு மேல இருக்கிற நியூட்ரல் சுவிச்சைப் பாருங்கோ. எங்கட கிரவல் ரோட்டு செந்தூசியும் மாரித் தண்ணியும் சேந்து அதுக்குள்ள களியா இறுகிக் கிடக்கும். கழட்டி கொன்டாக்ற் கிளீனர் அடிச்சு, நியூட்ரல் கோட்டுக்கு நேர வச்சுப் பூட்டுங்கோ. பிறகு பெட்டியில இருந்து பொடிக்கு போற ஏர்த் வயர், பற்றறி முனையில பூத்துக் கிடக்கிற வெள்ளைப் பூ, எலி கடிச்ச வயர், இதுகள் ஒவ்வொண்டையும் பாருங்கோ. எஞ்சின் ஓடேக்க பற்றறியில 13.5இல இருந்து 14.5 வோல்ற் வரோணும், அதுக்கு கீழ நிண்டால் கியர் மனம்போன போக்கில விழும், பிழை ஒல்ரனேற்றரில.

ஓடேக்க டாஷ்போட்டில ஓவர்டிரைவ் (நாலாம் கியர்) ஓஃப் லைற் பளிச் பளிச்செண்டு வெட்டினால் கொம்பியூட்டர் பிழையைப் பிடிச்சு எழுதி வச்சிருக்கு எண்டு அர்த்தம், சும்மா எரிஞ்சுகொண்டு நிண்டால் நீங்கள் பட்டனை அமத்திப்போட்டு மறந்திட்டியள் எண்டு அர்த்தம். கார் நாலாம் கியர் போகுதில்ல எண்டு கொண்டுவாற ஆக்களில அந்தப் பட்டன்காரரும் இருக்கினம், சிரிக்க வேண்டாம். பழைய டொயோட்டாவில பொனற்றுக்குள்ள டயக்னோசிஸ் எண்டு மூடி போட்ட சின்னப் பெட்டி இருக்கும், அதில ரிஈ1, ஈ1 எண்டு எழுதின ரெண்டு ஓட்டையையும் ஒரு துண்டு வயரால தொடுத்து, ஓவர்டிரைவ் ஓஃப் லைற் அணைஞ்சு இருக்கிற மாதிரி பட்டனை வச்சு, எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் திறப்பை மட்டும் ஓன் பண்ணுங்கோ. லைற் ஒரே சீரா கெதியா வெட்டினால் பிழை இல்ல. ஆறு தரம் வெட்டி கொஞ்சம் நிண்டு ரெண்டு தரம் வெட்டினால் 62, அது முதலாம் சொலனொயிட், பெட்டிக்குள்ள ஒயிலைத் திறந்து பூட்டுற மின்சார வால்வு. 63 ரெண்டாவது, 64 லொக்கப் (வேகம் பிடிச்சாப் பிறகு எஞ்சினையும் பெட்டியையும் வழுக்காமல் ஒண்டாப் பூட்டுறது) சொலனொயிட், 42உம் 61உம் வேக சென்சர். ஓட்டை மாறித் தொடுத்தால் கொம்பியூட்டருக்கே கேடு, மூடிக்குப் பின்பக்கம் எழுதியிருக்கிறதை ரெண்டுதரம் பாத்திட்டு குத்துங்கோ. சொலனொயிட் கோட் வந்தால் பிளக்கைக் கழட்டி மல்ரிமீற்றரில ஓம்ஸ் பாருங்கோ, குளிரா இருக்கேக்க 11க்கும் 15க்கும் இடையில வந்தால் கொயில் நல்லம், வயரில தேடுங்கோ, ஒண்டுமே காட்டாட்டி சொலனொயிட் மாத்தோணும், கனக்கப் பெட்டியில அது பானைக் கழட்டினால் கைக்கு எட்டுற இடத்திலதான் கிடக்கு. 121க்கு ஸ்கான் போடலாம், ஆனா சின்ன புளூடூத் ஸ்கானர் சில ஜப்பான் காரோட கதைக்காது, அதுக்காக பிழை இல்லை எண்டு நினைக்காதேங்கோ.

மூண்டும் பாத்தாச்சு, இனி ஏ9இல ஏறுங்கோ. ஓமந்தை தாண்டி புளியங்குளம் மட்டும் நேர் ரோட்டு, மேடு பள்ளம் இல்ல, கியர் சோதிக்க நல்ல இடம், 70க்கு மேல போகவும் தேவையில்ல, பொலிசும் நிப்பினம். முதல்ல நிண்ட இடத்தில பிறேக்கை மிதிச்சு நியூட்ரலில இருந்து டிரைவுக்கு போட்டு கார் சின்னதா ஒரு இழுவை இழுக்க எவ்வளவு நேரம் எண்டு பாருங்கோ, டொயோட்டா கணக்கு 1.2 செக்கனுக்குள்ள, ரிவேர்ஸுக்கு 1.5க்குள்ள. ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு நிமிசம் விட்டு மூண்டு தரம் பாத்து சராசரி எடுக்கோணும். ரெண்டும் பிந்தினால் அமத்தம் குறைவு, ஒண்டு மட்டும் பிந்தினால் அந்த கியரின்ர கிளச். பிறகு காலை லேசா வச்சு ஓடி ஆர்பிஎம் முள்ளு எத்தினைதரம் விழுது எண்டு எண்ணுங்கோ, நாலு கியர் காரில மூண்டு கியர் மாத்தமும் கடைசியில லொக்கப்பும் சேத்து நாலு தரம் விழோணும். அறுபதில ஓவர்டிரைவ் பட்டனை அமத்தினால் முள்ளு நல்லா எழும்போணும், எழும்பாட்டி நாலாம் கியர் முதலே விழேல்ல. அதுக்கு ஒரு காரணம் எஞ்சின் தண்ணியின்ர சூட்டை அளவா வச்சிருக்கிற தேர்மோஸ்ராட் வால்வைக் கழட்டி எறியிறது, வெயில் காலத்தில எஞ்சின் சூடாகுது எண்டு எங்கட பக்கம் அதைக் கழட்டாத மெக்கானிக்கைத் தேடித்தான் பிடிக்கோணும். தண்ணி ஒரு அளவு சூடு வராட்டி கொம்பியூட்டர் நாலாம் கியரையும் லொக்கப்பையும் விடாது, வால்வைத் திருப்பிப் போடுங்கோ, சூடாகிறதுக்கு றேடியேற்றர் இடுக்கில அடைஞ்ச தூசியையும் பூச்சியையும் பின்பக்கத்தால தண்ணி அடிச்சு கழுவுங்கோ. கியர் ஒயிலும் அந்த றேடியேற்றரிலதான் ஆறுது.

அம்பது அறுபதில கால் லேசா வச்சு ஓடேக்க கார் கரடுமுரடான ரோட்டில போற மாதிரி உதறுதோ? பின்னுக்கு வாகனம் இல்லாத நேரம் அக்சிலேற்றரை விடாம இடக்காலால பிறேக்கை மெல்லத் தொடுங்கோ, தொட்ட உடன உதறல் நிண்டு ஆர்பிஎம் கொஞ்சம் ஏறினால் அது லொக்கப் உதறல், கனதரம் ஒயில் மாத்தினாலே குறையும். நிக்காட்டி பிளக், கொயில்.

பிறேக்கை அமத்தி முழு அக்சிலேற்றர் குடுத்துப் பாக்கிற ஸ்ரோல் ரெஸ்ற் எண்டு ஒண்டும் இருக்கு, புத்தகத்தில அஞ்சு செக்கன் எண்டு போட்டிருக்கும். பழைய பெட்டிக்கு அதைச் செய்ய வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன், நல்லா இருந்ததையும் அது முடிச்சுவிடும்.

ஒயில் மாத்திறது எண்டால், காரை ஜக்கில மட்டும் விட்டிட்டு கீழ போகாதேங்கோ, எங்கட மணலில ஜக் புதையும், கீழ பலகை போட்டு ஸ்ராண்ட் வையுங்கோ. ஒயில் வெதுவெதுப்பா இருக்கட்டும், கொதிக்கக்கூடாது. போல்ட்டைக் கழட்டி வடிய விட்டு, வந்ததை போத்திலில அளந்து வையுங்கோ, மூண்டு லீற்றர் கணக்கில வரும், அவ்வளவைத்தான் திருப்பி விடோணும். மிச்சம் மூண்டு லீற்றர் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையில இருக்கிற கொன்வேட்டருக்குள்ள நிக்கும், அதால ஒருதரம் மாத்தினால் பாதிதான் புதுசு, சில நூறு கிலோமீற்றர் ஓடி ரெண்டாம் தரம் மாத்தினால் முக்கால், மூண்டாம் தரம் எண்பத்தேழு வீதம். மிசின் பிடிச்சு அடிச்சு கழுவுறதை விட இது ஆறுதலான வழி, பழைய பெட்டிக்கு நான் இதைத்தான் விரும்புறன். பானைக் கழட்டினால் உள்ள காந்தத்தைப் பாருங்கோ, சாம்பல் நிறத்தில மை மாதிரி பூசிக் கிடந்தால் பயமில்ல. கையில குத்துற இரும்புத் துண்டு எண்டால் பெயாரிங்கோ பல்லோ. காந்தத்தில ஒட்டாத மஞ்சள் மினுக்கம் புஷ். கறுப்புச் செதில் கிளச் பிளேட். பில்டரைக் கழுவி அல்லது மாத்தி, புது கஸ்கட் வச்சு, போல்ட்டுகளை சின்ன சாவியால மாறி மாறி மெல்ல இறுக்குங்கோ, அஞ்சில இருந்து எட்டு நியூட்டன்மீற்றர்தான், பலம் காட்டினால் அலுமினிய மரை போயிடும். சிலிக்கோனை அள்ளிப் பூச வேண்டாம், பிதுங்கினது உள்ளுக்க விழுந்து பில்டரை அடைக்கும். பழைய ஒயிலை கிணத்தடியிலயோ வளவுக்குள்ளயோ ஊத்தாதேங்கோ, அந்தத் தண்ணியைத்தானே குடிக்கிறம், சேவிஸ் நிலையத்தில குடுங்கோ.

ஒயில் மாத்தினாப் பிறகுதான் பெட்டி போனது எண்டு சனம் சொல்லுற கதை இருக்கே, அதில நான் பெரிசா நம்பிக்கை வைக்கேல்ல. கருகின ஒயிலோட வழுக்கிக்கொண்டு நிண்ட பெட்டி புது ஒயிலால சாகேல்ல, அது முதலே செத்துக்கொண்டிருந்தது. அப்பிடி நிண்டால் ஒயிலுக்கு காசு செலவழிக்காம பெட்டிக்கு சேத்து வையுங்கோ.

ரோட்டில நிண்டால் தள்ளி ஸ்ராட் பண்ண ஏலாது, பெட்டி பம்ப் எஞ்சின் சுத்தினால்தான் வேலை செய்யும். அதே காரணத்தால ஒட்டுசுட்டானில நிண்ட காரை ரக்டரில கயிறு கட்டி மாங்குளம் மட்டும் இழுத்துக்கொண்டு வராதேங்கோ, ஒயில் ஓடாம உள்ள காய்ஞ்சு தேயும். முன்சில்லு ரெண்டையும் தூக்கி இழுக்கோணும், இல்லாட்டி கரியரில ஏத்தோணும்.

எல்லாம் பாத்தும் உள்ளுக்கதான் பிழை எண்டு முடிவானால் ரெண்டு வழி, பெட்டியைப் பிரிச்சு தேஞ்ச சாமான்களுக்கு புது கிட் போட்டு செய்யிறது அல்லது கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து ரீகண்டிஷன் பெட்டி எடுக்கிறது. ஓட்டோ பெட்டி பிரிச்சுப் பழகின ஆள் கிடைச்சால் மட்டும் முதல் வழி, இல்லாட்டி ரெண்டாவது. பெட்டி எடுக்கேக்க கொன்வேட்டரோட எடுங்கோ, உங்கட பழைய பெட்டியின்ர வயர் பிளக்குகளைப் படம் எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டுப் பாருங்கோ, உள்ள மிஞ்சிக் கிடக்கிற ஒயிலை விரலில தொட்டு மணந்து பாருங்கோ. ஏத்த முதல் கூலர் குழாயைக் கழுவாட்டி பழைய பெட்டியின்ர தூள் புதுசுக்குள்ள போகும். பம்ப் சீல், அக்சில் சீல் அப்பவே புதுசு போடுங்கோ. கொன்வேட்டரை சுத்திச் சுத்தித் தள்ளினால் படிப்படியா உள்ள இறங்கும், முழுக்க இறங்காமல் போல்ட்டைப் பூட்டி இறுக்கினால் முதல் ஸ்ராட்டிலயே பம்ப் உடையும், அதால எஞ்சினோட சேத்தாப் பிறகு கொன்வேட்டர் கையால லேசா சுத்துதா எண்டு மெக்கானிக்கிட்ட உங்கட கண்ணுக்கு முன்னால செய்து காட்டச் சொல்லுங்கோ. ஒரு நூறு கிலோமீற்றர் ஓடினாப் பிறகு சூடா வச்சு திருப்பி ஒயில் அளவு பாத்து, கூலர் ஹோஸ் கிளிப் ரெண்டையும் ஒருக்கா இறுக்கி விடுங்கோ.